கடல் தாண்டும் பட்டம்

"டீச்சர், இந்தியாவில இருந்து தபால்ல பட்டம் குடுக்கிறாங்களாம். காசு கட்டட்டுமா?"

கெலிஓயா டவுனில் பஸ்ஸுக்கு நின்ற என்னிடம், நான் படிப்பித்த பிள்ளை துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். "அவசரப்படாதே மகள், முதலில் விசாரிப்போம்" என்றேன்.

அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. 2002இல் இந்தியாவின் சத்தீஸ்கர் மாநில அரசு போட்ட ஒரு சட்டத்தால் நூற்றுக்கும் அதிகமான தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. வெளிமாநிலங்களிலும் கற்கை நிலையங்கள் திறந்தன. 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்துச் செய்தது. ஆனால் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கைவிடவில்லை. அந்த நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்யச் சொன்னது.

அந்தக் கருணை கடல் தாண்டி இலங்கையில் இருக்கும் நம்மை எட்டாது. ஆகவே மூன்று கேள்விகள்: பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா? அதன் தொலைக்கல்விக்கு, நீ சேரும் ஆண்டில், இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தனி அனுமதி உண்டா? நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்குமா? பதிலை எழுத்தில் வாங்கி வை.

பொல்கொல்லையிலேயே நமது திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. முதலில் அந்தப் படியேறிப் பார், மகள். உன் உழைப்பு வீணாகக் கூடாது.