மொரீசியஸ்: அஞ்சல்தலைகளில் ஒரு தீவு

1847-இல் வெளியான முதல் அஞ்சல்தலைகளில் தீவு இல்லை. ஜோசப் பர்னார்ட் செதுக்கிய விக்டோரியா அரசியின் முகமே இடத்தை நிறைக்கிறது. 1950 வரிசையில் அரசர் ஓரத்துக்கு நகர, மலையும் அருவியும் துறைமுகமும் சர்க்கரை ஆலையும் வருகின்றன. கரும்பு ஏற்றிச் செல்லும் காட்சியைச் சற்று நின்று பாருங்கள். அந்தக் கரும்பை வளர்க்க இந்தியாவிலிருந்து, தமிழகத்திலிருந்தும், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கால் பதித்த ஆப்ரவாசி காட் படித்துறைக்கு அவ்வரிசையில் இடமில்லை. அதில் வரும் விலங்குகளில் ஒன்றோ, 1639-இல் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்!

இவை ஆட்சியாளர் தேர்ந்த படங்கள்தானே, சேகரிப்பாளரின் காசுக்காக அச்சிட்டவைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனாலும் எதைக் காட்டத் தகுந்தது என்று அதிகாரம் கருதியது, எதை விட்டது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சாட்சி அரிது. அந்தக் கருத்து மாறியதையும் இவையே காட்டுகின்றன. விடுதலைக்கு மூன்றாண்டு முன், 1965-இல் வந்த வரிசை முழுக்கப் பறவைகள். அழிந்துபோன டோடோவும் ரொட்ரிக்ஸ் தீவின் சாலிட்டேரும், அன்று உயிரோடிருந்த இளஞ்சிவப்புப் புறாவும் மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இழந்தவற்றையும் இழக்கவிருந்தவற்றையும் இப்படி அருகருகே வைத்தது அழகுக்காக மட்டும் என்று சொல்வதற்கில்லை. 1974-இல் காட்டில் இருந்ததாக அறியப்பட்ட கெஸ்ட்ரல்கள் நான்கே. அடைகாப்பகத்தில் குஞ்சு பொரிக்கச் செய்து, காட்டில் விட்டு, அந்த இனத்தை மீட்டார்கள்.