இடது கையின் ஆட்டம்

சைதாப்பேட்டை பஜார் சாலையில் ஏடிஎம் வாசலில் பணவேன் வந்து நின்றால், துப்பாக்கிக் காவலாளியும் கூடவே இறங்குவார். அவர் தோளில் தொங்குவது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி, அதாவது ரவை சிதறும் ஷாட்கன். பழைய இரட்டைக்குழலாக இருக்கலாம். அல்லது குழலுக்கு அடியில் ஒரு கைப்பிடி முன்னும் பின்னும் நகரும் பம்ப் ஆக்‌ஷனாக இருக்கலாம். காய்கறி வாங்க வந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காவல் வேலைக்கான சாமான் என்பதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவர்களுக்குக் காரணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த இரண்டாவது வகைத் துப்பாக்கிக்கென்றே தனிப் பிரிவு வைத்து உலகப் போட்டி நடக்கிறது. குறி தவறாமல் சுடுவது அங்கே பாதி வேலைதான். மீதிப் பாதியை இடது கை செய்கிறது.

இந்தத் துப்பாக்கி தமிழ்நாட்டுக்கு அந்நியமும் அல்ல. திருச்சியில் 1960களில் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை, ராணுவத்துக்கான துப்பாக்கிகளோடு 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியையும் தயாரித்திருக்கிறது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் புதுக்கோட்டை. அந்த ஊர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான்தான் ஷாட்கன் விளையாட்டில் தமிழ்நாட்டின் முதன்மையான பெயர். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனான் செனாய், ஜொராவர் சிங் சந்து இருவரோடும் சேர்ந்து பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம்.

துப்பாக்கி செய்யும் ஊரும் வீரரின் ஊரும் இத்தனை அருகில் இருந்தும், அந்தத் துப்பாக்கியை அவர் தன் போட்டிக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலுக்கு விதி வகுக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு, 12 போருக்கு மிகாத எந்த வழவழக் குழல் துப்பாக்கியையும் அனுமதிக்கிறது. தானாகத் தோட்டா மாற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் தடையில்லை. பம்ப் ஆக்‌ஷனை மட்டும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. ட்ராப், ஸ்கீட் வீரர்கள் பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு குழல் அடுக்கிய துப்பாக்கியோடு களத்தில் நிற்பார்கள். பறக்கும் களிமண் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். ட்ராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாவரை சுடலாம். அதில் மொத்தம் 125 தட்டு.

பம்ப் ஆக்‌ஷனுக்கு இடம் கொடுத்தது வேறொரு விளையாட்டு. 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் ஒரு மாநாடு கூடியது. ஜெஃப் கூப்பர் தலைமையில் அங்கே உருவானது சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு. ஐபிஎஸ்சி என்பது அதன் சுருக்கப் பெயர். துல்லியம், வலு, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களைத் தன் முழக்கமாகக் கொண்ட அமைப்பு அது. முதலில் கைத்துப்பாக்கிதான் பிரதானம். ஷாட்கன்னுக்கென்று தனி உலகப் போட்டி 2012இல் ஹங்கேரியின் டெப்ரெட்சனில் நடந்தது. பிறகு இத்தாலி. 2018இல் பிரான்சின் ஷாத்தோரு. ஆறு ஆண்டு கழித்து பிருத்விராஜ் ஒலிம்பிக்கில் தட்டுகளைச் சுட்டதும் அதே ஷாத்தோருவில்தான். பாரிஸ் ஒலிம்பிக்கின் சுடுதல் போட்டிகள் அங்கேதான் நடந்தன.

இந்த விளையாட்டில் பம்ப் ஆக்‌ஷனின் வீடு ‘ஸ்டாண்டர்டு மேனுவல்’ என்ற பிரிவு. கையால் இயக்கும் துப்பாக்கி மட்டும். லென்ஸ் வைத்த குறிபார்ப்பான் கூடாது. கழற்றி மாட்டும் பெட்டி மேகசின் கூடாது. ஓபன் பிரிவில் செமி ஆட்டோமேட்டிக்கும் ஒளிப்புள்ளிக் கருவியுமாக வருபவர்களின் வேகம் இங்கே வராது. ஆனால் பார்ப்பவர்களுக்கு விளையாட்டு புரிவது இந்தப் பிரிவில்தான். ஒவ்வொரு அசைவையும் மனிதர்தான் செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

துப்பாக்கியின் உள்ளே நடப்பது எளிமையானது. சுடும் குழலுக்கு அடியில் அதற்கு இணையாக இன்னொரு குழாய். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்முனையிலிருந்து ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாயின் மேல் வழுக்கி ஓடுவதுதான் கைப்பிடி. அதிலிருந்து எஃகுப் பட்டைகள் பின்னால் போய், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டோடு சேர்கின்றன. சுட்டதும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் போல்ட்டின் பூட்டு திறக்கும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு பக்கவாட்டில் தெறித்து விழும். சுத்தியல் மறுபடி பின்வாங்கி நிற்கும். குழாயிலிருந்து புதுத் தோட்டா ஒன்று கீழேயுள்ள தூக்கித் தகட்டில் வந்து உட்காரும். முன்னுக்குத் தள்ளினால் தகடு தோட்டாவை உயர்த்தும். போல்ட் அதைக் குழலுக்குள் செலுத்திப் பூட்டும். சைக்கிள் பம்பை அடிக்கிற அதே இரண்டு அசைவுதான்.

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இதன் பெருமை விளங்கும். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, துணியடைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்து, ஒருமுறை சுட்டதும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் இரட்டைக்குழல் வந்தபோது இரண்டு வெடி கிடைத்தது. அமெரிக்காவில் 1880களில் ஸ்பென்சர் கம்பெனி பம்ப் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டர் வெளியிட்ட 1897ஆம் ஆண்டு மாடல் அதை உலகமறியச் செய்தது. அது சுமார் 10 லட்சம் விற்றது. 1950இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடியைத் தாண்டியது. வயல் காவல், வேட்டை, போலீஸ், போட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைப் பொறி.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த ஓக்ஸ் கம்பெனியின் பெயரும் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரும் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் பழம்பொருள் ஏலங்களில் வருகின்றன. அதே சாலையில் தெற்கே வந்து, சைதாப்பேட்டையில் அடையாறைத் தாண்டினால் கிண்டி. இன்றைய தேசியப் பூங்காவும் ராஜ்பவனும் இருக்கும் காடு ஒரு காலத்தில் தனியார் வேட்டைக்காடு. 1821இல் அரசு அதை வாங்கியது. வேட்டையைச் சட்டம் நிறுத்தியது 1972இல். அந்த மாற்றம் நல்லதற்கே நடந்தது. ஷாட்கன் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு இன்று மிச்சமிருக்கும் நேர்மையான வழி விளையாட்டு ஒன்றுதான்.

நடைமுறைச் சுடுதலில் களம் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கப்படும். தடுப்புச் சுவர்கள், ஜன்னல் போன்ற திறப்புகள், பீப்பாய்கள். அவற்றுக்குப் பின்னால் அடிபட்டதும் விழும் இரும்புத் தகடுகள், சில இடங்களில் களிமண் தட்டுகள், ஒற்றைக் குண்டுத் தோட்டாவுக்கான காகித இலக்குகள். வீரர் ஓரிடத்தில் நிற்பதில்லை. நடந்தும் ஓடியும் குனிந்தும் சுட வேண்டும். எந்த வரிசையில் எந்த இலக்கை எங்கே நின்று சுடுவது என்பது அவர் முடிவு. சுடுவதற்கு முன் களத்தைச் சுற்றி நடந்துபார்க்க நேரம் தருவார்கள். அனுபவசாலிகள் அப்போது இலக்குகளை எண்ணுவதோடு, எந்த அடியில் எத்தனை தோட்டா நிரப்ப வேண்டும் என்றும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

மதிப்பெண் முறைதான் இந்த விளையாட்டின் உயிர். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். எட்டுத் தகடு, தகட்டுக்கு 5 புள்ளி. எல்லாவற்றையும் 10 நொடியில் வீழ்த்தினால் 40ஐ 10ஆல் வகுத்து 4. இன்னொருவர் 8 நொடியில் முடித்தால் 5. அவசரத்தில் ஒரு தகட்டை விட்டுவிட்டால் அதன் 5 புள்ளி போவதோடு 10 புள்ளி அபராதமும் சேரும். மீதி 25, 8ஆல் வகுத்தால் 3.125. நிதானமாக 10 நொடி எடுத்தவருக்குப் பின்னால் போய்விடுவார். வேகமும் குறியும் ஒன்றையொன்று இப்படிப் பிடித்து இழுக்கிற கணக்கு வேறு சுடுதல் விளையாட்டுகளில் அபூர்வம்.

இங்கேதான் இடது கை வருகிறது. வலது கைப் பழக்கமுள்ளவரின் இடது கை முதலில் பம்பை இயக்குகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, கைப்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியில் திருப்பித் தள்ளுவது. பயிற்சியில் சரியாக வரும். நேரக்கருவி ‘பீப்’ என்றதும் பதற்றத்தில் கை சுருங்கிவிடும். வெற்றுக்கூடு வெளியே போகாது, அல்லது புதுத் தோட்டா ஏறாது. விசையை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும். அதைச் சரிசெய்ய ஆகும் இரண்டு மூன்று நொடியில் போட்டி போய்விடும். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் முதலில் வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பின்னால் சுவரில் இடிப்பதுபோல் இழு, முன்னால் பூட்டும் ஓசை கேட்கத் தள்ளு என்பார்கள். சுட்ட அதிர்ச்சியில் துப்பாக்கி பின்னால் உதைக்கிற அந்தக் கணத்திலேயே இழுக்கத் தொடங்கினால், அடுத்த இலக்குக்குக் குழல் திரும்புவதற்குள் தோட்டா தயாராகிவிடும்.

அடுத்த வேலை நிரப்புவது. நீண்ட களம் ஒன்றில் 28 தோட்டாவரை தேவைப்படலாம். அடிக்குழாயில் கொள்வது அதில் சிறு பங்குதான். ஆக ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று முறையாவது நிரப்பியாக வேண்டும். தோட்டாக்களை வழக்கமாக ஒவ்வொன்றாக, குழாயின் கீழ்வாய் வழியே கட்டைவிரலால் தள்ள வேண்டும். வயிற்றுப் பட்டையிலும் மார்புப் பட்டையிலும் தோட்டாக்கள் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ வரிசையாகச் செருகியிருக்கும். தேர்ந்தவர் ஒரே பிடியில் நான்கை உருவி, இரண்டை ஒரே தள்ளலில் ஏற்றி, விரலை விலக்காமலே அடுத்த இரண்டையும் ஏற்றிவிடுவார். அதுவும் அடுத்த இடத்துக்கு ஓடிக்கொண்டே. இதை முதல்முறை பார்ப்பவர்கள் சுடுவதை மறந்துவிட்டு இந்தக் கையையே பார்ப்பார்கள். உண்மையில் வெல்பவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இந்தக் கையில்தான் இருக்கிறது.

இந்தத் திறமையை வளர்க்க வெடிமருந்து வேண்டாம் என்பது புதியவருக்கு நல்ல செய்தி. மருந்தும் ரவையும் இல்லாத பயிற்சித் தோட்டாக்களை வைத்து, பயிற்சியாளர் கண்முன்னே, சுவரைப் பார்த்து நின்று மணிக்கணக்கில் நிரப்பிப் பழகலாம். களத்தில் செலவாகும் தோட்டா விலை உயர்ந்தது. இந்தியாவில் பலர் சுடும் ‘ஷக்திமான்’ தோட்டா புனேயை அடுத்த கட்கியில் தயாராவது. நூறு நூறாகச் சுட்டுத்தள்ள எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பம்ப் ஆக்‌ஷனுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டாவின் வலுதான் பொறியை இயக்குகிறது. மென்மையான தோட்டா போட்டால் சில துப்பாக்கிகள் மக்கர் செய்யும். பம்ப் ஆக்‌ஷனை இயக்குவது கை. மென்மையான தோட்டாவையும் அது ஏற்றுக்கொள்ளும்.

பாதுகாப்பு விதிகளில் இந்த விளையாட்டு கருணை காட்டுவதில்லை, காட்டவும் கூடாது. குழல் முனை வகுத்த கோணத்தைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் வெளியேற்றம். தவறி ஒரு வெடி கிளம்பினால் வெளியேற்றம். துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும் அப்படியே. அந்தச் சுற்றிலிருந்து மட்டுமல்ல, முழுப் போட்டியிலிருந்தும். நடந்து போகும்போதும் நிரப்பும்போதும் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலின் அறை காலி என்று காட்டும் நிறக்கொடி செருகியிருக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் போடாதவர் களத்துக்குள் கால் வைக்க முடியாது. ஓடுகிற மனிதரின் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கொடுக்கும் விளையாட்டு இந்தக் கண்டிப்பு இல்லாமல் ஒருநாள்கூட நடக்காது.

சைதாப்பேட்டையில் இருக்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இதில் இறங்க விரும்பினால்? கடைக்குப் போய்த் துப்பாக்கி விலை கேட்பது முதல் படி அல்ல. மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். சென்னை ரைஃபிள் கிளப் அங்கே இருக்கிறது. நடிகர் அஜித்குமார் பயிற்சி பெற்று, மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியது இந்த கிளப் வழியாகத்தான். அவர் சுடுவது பிஸ்டல். நகரின் நெரிசலுக்குள் ஷாட்கன் சுடுவது சரிவராது. சிறு ரவைகூட சுமார் 200 மீட்டர்வரை போய் விழக்கூடும் என்பதால் பெரிய திறந்தவெளி தேவை. ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் போன்ற இடங்கள் அதற்கானவை. துப்பாக்கியைக் கையாளும் ஒழுக்கத்தை மட்டும் எழும்பூரிலேயே ஏர் ரைஃபிளில் கற்றுக்கொள்ளலாம். அந்த ஒழுக்கம் எல்லாத் துப்பாக்கிக்கும் பொது.

உரிமம் தனி விஷயம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சென்னை மாநகரில் விண்ணப்பம் போலீஸ் கமிஷனரிடம், மற்ற மாவட்டங்களில் பொதுவாக ஆட்சியரிடம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறைந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் சேர்ந்துவிடும். வெளிநாட்டு வீடியோவில் பார்த்த குட்டைக் குழல் துப்பாக்கிக்கு இங்கே வாய்ப்பில்லை. போட்டிக்கு அது தேவையுமில்லை. நீண்ட குழல் இருந்தால் அடியில் நீண்ட குழாயும் பொருத்தலாம், அதிகத் தோட்டா கொள்ளும்.

1951இல் ஜி.வி. மவ்லாங்கரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஷாட்கன் போட்டிகள் ட்ராப், ஸ்கீட் என்று ஒலிம்பிக் வழியிலேயே நடக்கின்றன. பதக்கம், வேலைவாய்ப்பு, விளையாட்டு ஒதுக்கீடு எல்லாம் அந்தப் பாதையில். பம்ப் ஆக்‌ஷன் மேல் ஆசை கொண்டவர் தட்டுகளைச் சுடவும் கற்றுக்கொள்வது நல்லது. நகரும் இலக்குக்கு முன்னால் குழலைக் கொண்டுபோவது, இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பது, உதையைத் தோளில் சரியாக வாங்கிக்கொள்வது எல்லாம் ட்ராப் களத்திலேயே கிடைக்கும் பாடங்கள். மிச்சம் இருப்பது பம்பும் நிரப்புதலும். அந்த இரண்டுக்கும் பயிற்சித் தோட்டா பத்து, ஒரு வயிற்றுப் பட்டை, கிளப்பில் துப்பாக்கியை மேற்பார்வையில் கொடுத்து உதவும் ஒரு பயிற்சியாளர் போதும்.