நான்கு மணி வெயிலும் முப்பது பாகைத் தகடும்

மேற்குப் பார்த்த மேல்மாடி வகுப்பறையில் மாலை வகுப்புக்கு இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூன்று மணியானால் யன்னலோர மேசைகளை விட்டு எழும்பி எல்லோரும் நடுவுக்கு நெருங்குவோம். திரைச்சீலையை இழுத்தால் வெயில் நிற்கும், காற்றும் நின்றுவிடும். பிறகு பட்டப்பகலில் மின்விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்போம். குச்சவெளியில் கடல் கிழக்கே இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வருவது அனல்தான்.

கட்டடப்படம் வரையப் பழகியபோது எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. பயிற்சிக்காக நான்கு மாடிப் பாடசாலைக் கட்டடமொன்றை ரெவிட் மென்பொருளில் அமைக்கச் சொன்னார்கள். மேற்கு யன்னல்களுக்கு வெளியே, சரிவை மாற்றக்கூடிய லூவர் தகடுகளை வைத்தேன்.

இது ஒன்றும் புதுமையல்ல. கொழும்பில் ஜெப்ரி பாவா 1976–78 காலப்பகுதியில் வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம், பன்னிரண்டு மாடிகளிலும் இயற்கைக் காற்றையே நம்பி அமைக்கப்பட்டது. அபுதாபியில் 2012இல் முடிந்த அல் பஹ்ர் இரட்டைக் கோபுரங்களில், அரபு வீடுகளின் மஷ்ரபிய்யா மரச்சல்லடையை நினைவூட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மறைப்புகள் ஒவ்வொரு கோபுரத்திலும் உள்ளன. அவை வெயிலைப் பார்த்துத் தாமாகவே விரிந்து சுருங்குகின்றன. உப்புக்காற்று அடிக்கும் நமது ஊருக்கு மோட்டார் வேண்டாம், கைப்பிடியே போதும் என்பது என் எண்ணம்.

கணினித் திரையைப் பார்த்த உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தகட்டச் சரிச்சா வெயில் நிக்கும் சரி, காத்து வருமா மகள்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் கணிதம் உள்ளே வந்தது. தகட்டின் அகலமும், ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர இடைவெளியும் சமம் என வைப்போம். எனது படத்தில் இரண்டும் 20 சென்ரிமீற்றர். மார்ச் 20ஐயும் செப்டெம்பர் 22ஐயும் ஒட்டிய நாட்களில் நமது ஊரில் பிற்பகல் மூன்று மணிச் சூரியன் ஏறத்தாழ 45 பாகை உயரத்திலும், நான்கு மணிக்கு 30 பாகையிலும், ஐந்து மணிக்கு 15 பாகையிலும் நேர் மேற்கே நிற்கும். அப்போது விதி மிக எளிது. சூரிய உயரத்தை இரண்டால் பெருக்கி 90இலிருந்து கழித்தால், தகட்டின் வெளிவிளிம்பைக் கீழே சரிக்கவேண்டிய பாகை கிடைக்கும். மூன்று மணிக்குச் சரிவே வேண்டாம், தகடு கிடையாக நின்றாலே போதும். நான்கு மணிக்கு 30 பாகை, ஐந்து மணிக்கு 60 பாகை. முப்பது பாகையில் தகடுகளுக்கிடையே காற்றுக்கு 17 சென்ரிமீற்றர் வழி உண்டு, அறுபதிலும் 10 மிஞ்சும். ஆகவே உம்மாவுக்கு விடை: வரும். கைப்பிடிக்கும் அந்த மூன்று நிலைகளே போதும். சூரியன் வடக்கிலோ தெற்கிலோ சாயும் ஜூன், டிசம்பர் மாதங்களுக்கு மட்டும், ஊரின் அமைவிடத்தைக் கொடுத்து மென்பொருளிலேயே நிழலை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும்.

ரெவிட்டில் இத்தகைய பொருளைக் 'ஃபமிலி' என்பார்கள். அதற்குள் அகலமும் இடைவெளியும் வகைக்குரிய அளவுகள்: ஓரிடத்தில் மாற்றினால் அந்த வகை எல்லாமே மாறும். சரிவுப் பாகையோ தனித்தனி யன்னலுக்குரியது. எதை எந்தப் பக்கம் வைப்பது என்று முதலில் யோசிப்பதுதான் உண்மையான வேலை. கோடு இழுப்பது பிறகு.

நான் சறுக்கியது மாடிகளில். ஒரு மாடியை முடித்து, அதை வெறுமனே பிரதி செய்து மற்ற மூன்றாக்கினேன். மாடிக்கு 18 யன்னல்கள், யன்னல் உயரம் 120 சென்ரிமீற்றர். முதலில் இடைவெளி 24 ஆக இருந்ததால் யன்னலுக்கு ஐந்து தகடுகள். ஆசிரியை 20 ஆக்கச் சொன்னபோது ஆறாக வேண்டும். மாடிக்கொரு வகையாகப் பெயரிட்டு வைத்திருந்ததால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன், நான்காம் மாடியை மறந்தேன். பொருட்பட்டியல் 432க்குப் பதில் 414 தகடுகள் என்றது. கணினி சரியாகத்தான் எண்ணியது. உண்மையான வேலைத்தளமாக இருந்திருந்தால் 18 தகடுகள் குறைவாக வந்திறங்கியிருக்கும். அதைவிட மோசம், வெயில் அதிகம் படும் மேல்மாடியில் ஐந்து மணிக்கு அறுபது பாகை சரித்தும் கீற்றுக்கீற்றாக வெயில் உள்ளே விழுந்திருக்கும்.

இப்போது ஒரே மாடியைக் குழுவாகக் கட்டி, அந்தக் குழுவையே ஒவ்வொரு தளமட்டத்திலும் வைக்கிறேன். ஒன்றைத் திறந்து திருத்தினால் மற்றவையும் திருந்தும். வாசல் மண்டபம் உள்ள தரைத்தளத்தை இதில் சேர்ப்பதில்லை. லூவர்களையும் குழுவுக்கு வெளியே வைத்திருக்கிறேன். இரண்டாம் மாடிவரை வேப்பமரம் நிழல் தருகிறது, அங்கே நான்கு மணிக்கும் தகடு கிடையாகவே நிற்கலாம். மாடிக்கு மாடி பாகை வேறுபடுவதற்குக் குழு இடம் தராது.