செய்யுளில் மலர்ந்த கணக்கு

கணக்கு என்றவுடன் நம் மாணவர்களுள் பலருக்கு முகம் வாடிவிடுகின்றது. செய்யுளை ஓசையோடு பாடி மகிழும் அவர்களே, கணக்குப் புத்தகத்தைக் கண்டதும் அஞ்சி ஒதுங்குகின்றனர். நம் முன்னோரோ இவ்விரண்டையும் பகையாகக் கருதவில்லை. கணக்கையே செய்யுளாக இயற்றிப் பாடிக் கற்றனர்.

இதற்குச் சிறந்த சான்று, காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ் நூலாகும். நிலம், நெல், பொன் முதலியவற்றின் கணக்குகள் இந்நூலில் பாடல்களாக அமைந்துள்ளன. ஏடும் எழுத்தாணியும் எல்லார் கையிலும் இல்லாத காலத்தில், மனத்தில் பதிந்த பாடலே வாழ்நாள் முழுவதும் உதவும் புத்தகமாக விளங்கியது.

வட்டத்தின் பரப்பைக் காணும் வழியை இரண்டே அடிகளில் கூறுகின்றது ஒரு பாடல். சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்பதே அதன் பொருள். சோதித்துப் பார்ப்போமா? விட்டம் 14 செ.மீ. எனில், சுற்றளவு ஏறத்தாழ 44 செ.மீ. ஆகும். இவற்றின் பாதிகளான 22-ஐயும் 7-ஐயும் பெருக்கினால் 154 சதுர செ.மீ. வருகின்றது. இன்று வகுப்பில் நாம் கற்கும் முறையிலும் இதே விடைதான்!

இது எவ்வாறு பொருந்துகின்றது? வட்டமான தாளொன்றை மையத்திலிருந்து பல மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள். கூர்முனைகள் மேலும் கீழுமாக மாறி மாறி வரும்படி அவற்றை அடுக்குங்கள். ஏறத்தாழ ஒரு செவ்வகம் தோன்றும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம். வட்டம் செவ்வகமாக மாறும் இக்காட்சியன்றோ கணிதத்தின் அழகு!

மற்றொரு பாடல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி சொல்கின்றது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். முட்கள் 50 எனில் சுளைகள் 60. வட்டக் கணக்கைப் போல் இஃது என்றும் மாறாத விதியன்று. பழத்திற்குப் பழம் வேறுபடலாம். ஆகவே, வீட்டில் பலாப்பழம் அறுக்கும் நாளில் எண்ணிச் சரிபாருங்கள். விடை பொருந்தாவிடினும் நட்டமில்லை. சொன்னதை அப்படியே நம்பாமல் எண்ணிப் பார்ப்பதே கணித அறிவின் தொடக்கம்.

செய்யுளுக்குள்ளும் கணக்கு உண்டு. நேர், நிரை என அசைகள் இரண்டே. ஈரசைச் சீர்கள் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என 4. மூவசைச் சீர்கள் 8. நாலசைச் சீர்கள் 16. ஓர் அசை கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிப்பதைக் காண்க.

பெற்றோர்களே! "நமக்குக் கணக்கு எங்கே வரும்?" என்று பிள்ளைகளின் முன் சொல்லாதீர்கள். நாள்தோறும் செம்பனைக் குலைகளை எண்ணிச் சம்பளத்தைச் சரிபார்க்கும் உங்களுக்குக் கணக்கு புதிதன்று. அவ்வறிவைப் பிள்ளைகளோடு பகிர்ந்து கொள்ளுங்கள். வாய்பாட்டை ஓசையோடு பாடச் செய்யுங்கள். பாட்டாய் வந்த கணக்கு அச்சத்தைப் போக்கும். அச்சம் நீங்கினால் அறிவு மலரும்.