கர்ணம் வீட்டிலிருந்து கிராம அலுவலகத்துக்கு

நிலம் யார் பேரில் இருக்கிறது, யார் எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும், எந்தப் புறம்போக்கில் யார் குடியிருக்கிறார்கள்? ஒரு ஊரின் இந்த விவரங்களெல்லாம் ஒரு காலத்தில் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தன. மணியக்காரர் வரி வசூலித்தார், கர்ணம் கணக்கு எழுதினார். தலையாரியும் வெட்டியானும் அவர்கள் ஏவியதைச் செய்தார்கள். 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவல் சட்டம் இந்த வேலைகளைத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாகவே வைத்திருந்தது. ஊரில் மேலே இருந்த சாதியின் கையில் பேனா, கீழே வைக்கப்பட்ட சாதியின் கையில் தண்டோரா.

தண்டனையிலும் அதே படிநிலைதான். 1816ஆம் ஆண்டின் 11ஆவது ஒழுங்குவிதிப்படி, வசைபாடுதல் போன்ற சில்லறைக் குற்றத்துக்கு ஊர்த்தலைவர் ஒருவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைக்கலாம். குற்றம் செய்தவர் 'தாழ்ந்த' சாதியாக இருந்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டியும் வைக்கலாம். உள்ளூர் அதிகாரி ஆளைப் பார்த்துத் தண்டிக்க அரசே எழுதிக் கொடுத்த அனுமதி அது.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் கிடைத்தது. அந்த நிலத்துக்கும் ஊர்க்கணக்குதான் ஆதாரம். பட்டா கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார், கணக்கு உள்ளே இருந்தது.

பரம்பரை உரிமை அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்னது. ஆனாலும் பழைய குடும்பங்களின் பிடி உடனே தளரவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளையே ஒழித்தது. பதவி இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

இன்று அந்த நாற்காலியில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி, இடஒதுக்கீட்டின்படி வந்தவர். தாத்தா காலத்தில் கர்ணம் வீட்டுப் படி ஏற முடியாத குடும்பத்துப் பெண் இன்று அதே ஊரின் அடங்கலில் கையெழுத்துப் போடலாம். சிட்டாவை இணையத்தில் எடுத்துவிடலாம். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். இது சின்ன மாற்றமல்ல. இரண்டு தலைமுறைக்குள் நடந்த பெரிய காரியம்.

ஆனால் ஆள் மாறியதால் ஊர் தானாக மாறிவிடவில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தேர்தல் முடங்கியது, நடந்தபோதும் வென்றவர்கள் உடனே பதவி விலக வைக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்தது. இடையில் சட்டம் மாறவில்லை. அரசு உறுதியாக நின்றது, அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரனும் மற்ற அதிகாரிகளும் அந்த ஊர்களுக்கே போய் மக்களிடம் பேசினார்கள். மாறியது அதுதான்.

அதற்கு நேர்மாறானதையும் பார்த்தோம். கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில், தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020இல் வெளியானது. ஊராட்சிச் செயலர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நாற்காலி போடுவது ஒரு செயலரால் முடியாத காரியமா?

எல்லாருக்கும் ஒரே விதி என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நடுநிலை ஆகாது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், பேருந்துக்குக் காசுள்ளவர், ஒரு நாள் கூலியை விடக்கூடியவர் மட்டுமே அந்த மேசைக்கு வந்து சேர்வார்கள். இருளர் குடியிருப்பில் சாதிச் சான்று இல்லாமல் படிப்பை நிறுத்தும் பிள்ளை அங்கே வராது. அலுவலர்தான் அந்தக் குடியிருப்புக்குப் போக வேண்டும். காலனித் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறதா, சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா என்று யாரும் கேட்காமலே பார்ப்பது அவர் கடமை.

பேனாவைப் பிறப்பின் பிடியிலிருந்து சட்டம் மீட்டுத் தந்துவிட்டது. அதை யாருக்காக முதலில் எடுப்பது என்பது அலுவலரின் முடிவு. கடைசித் தெருவிலிருந்து தொடங்குபவரே அந்தப் பதவிக்கு நியாயம் செய்பவர்.