கணக்கில் ஏறிய பணம் கைக்கு வந்து சேரும் வரை

மாதத்தின் 15-ஆம் தேதி நெருங்கினால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் கடை வாசலிலும் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "உனக்கு ஆயிரம் ஏறிடுச்சா?" கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். மாதம் 1,000 ரூபாய், நேராக அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு. முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய், பிரதமர் கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி என்று வேறு சில தொகைகளும் இதே வழியில்தான் வருகின்றன.

"ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். நடவும் களையெடுப்பும் இல்லாத மாதத்தில் கூலிக்காரர் வீட்டில் ரேஷன் அரிசி இருக்கும்; ரொக்கம் இருக்காது. பருப்பும் எண்ணெயும் கடையில் கடனாக வரும். கடன் சொல்லி வாங்குகிறவர் விலை பேச முடியாது, சரக்கு மட்டமாக இருந்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அண்டாவோ காதில் கிடக்கும் கம்மலோ அடகுக்குப் போகும். அப்படிப்பட்ட மாதத்தில், யாரிடமும் கையேந்தாமல், தேதி தவறாமல் வரும் 1,000 ரூபாய்க்குத் தனி மதிப்பு உண்டு. வட்டிக்கு வாங்காமல் தப்பித்த ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்துக்கு அது வருமானம்தான்.

சும்மா பணம் கொடுத்தால் வேலைக்குப் போக மாட்டார்கள், குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு எப்போதும் உண்டு. 2011-12-இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து எட்டு கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தன. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100. பிறகு அது 300, 150 என உயர்ந்தது. எந்த நிபந்தனையும் இல்லை. சாப்பாடு மேம்பட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியது, பலர் விதையும் ஆடும் வாங்கிச் சொந்த வேலையைப் பெருக்கிக்கொண்டார்கள். குடி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்களும் 2014-இல் இதையேதான் சொன்னார்கள். ஆகவே ஏழை பணத்தை வீணாக்குவாரா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பதை விட, அந்தப் பணம் முழுதாக அவர் கைக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் அவசரம் என்று நினைக்கிறேன். கருவூலத்திலிருந்து கிளம்பிய தொகை அடுப்படிக்கு வருவதற்குள் கரைகிற இடங்கள் பல. அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் இடம் வங்கிக் கணக்கேதான். செங்கல் சூளை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பாஸ்புக்கைப் பார்த்திருக்கிறேன். வரவு 1,000 என்ற வரிக்குக் கீழே, அதே தேதியில், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான பிடித்தம். "பேங்க்ல எடுத்துக்கிட்டாங்க" என்று மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. திட்டம் தொடங்கிய மாதத்திலேயே இப்படிப் புகார்கள் கிளம்பின. உரிமைத் தொகையிலிருந்து எந்தக் கட்டணத்தையும் கழிக்கக் கூடாது, கழித்தால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் சொல்லலாம் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது அறிவித்தார். இதற்கு நிலையான தீர்வு, கணக்கின் வகையை மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு வங்கியும் 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஜன் தன் கணக்குகள் இந்த வகைதான். இதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம், ஏடிஎம் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கொடுத்தால் இதற்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கியில் யாரும் தாமாக முன்வந்து இதைச் சொல்வது அரிது. கவுன்டரில் நின்று நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிடித்ததைத் திருப்பித் தர மறுத்தால் கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு எதுவும் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். அந்த முத்திரை போட்ட நகல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்கு எங்கேயும் கணக்கில்லை.

சிலருக்குப் பணம் வேறு கணக்குக்கே போய்விடுகிறது. ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் தொகை, ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். குழுக்கடன் வாங்கும்போதோ சிம் கார்டு வாங்கும்போதோ கைரேகை வைத்ததில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கலாம். 2017-இல் ஏர்டெல் வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கானோருக்கு அப்படித்தான் நடந்தது. அவர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போனது. ஆதார் ஆணையம் தலையிட்ட பிறகே பணம் திரும்பியது. ஆகவே பணம் வரவில்லை என்றால் முதலில், ஆதாரோடு இணைத்த கைபேசியில் *99*99*1# என்று அழுத்தி, இப்போது எந்த வங்கி இணைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய கணக்கே வேண்டுமென்றால் அந்த வங்கியில் இணைப்புப் படிவம் கொடுத்தால் மாறிவிடும்.

வங்கி தொலைவாக இருக்கும் ஊர்களில் கைரேகை மெஷின் வைத்திருப்பவரிடம் பணம் எடுக்கிறார்கள். நல்ல வசதி. ஏமாற்றுவதற்கும் வசதி. பீடி சுற்றியும் கல் உடைத்தும் உப்பளத்தில் உழைத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது. "விழலைம்மா, இன்னொரு தடவை வைங்க" என்பார். இரண்டாம் முறையும் விழவில்லை என்று அனுப்பிவிடுவார். ஆனால் முதல் முறையே பணம் போயிருக்கக்கூடும். மெஷின்காரர்கள் எல்லோரும் அப்படியில்லை. ஆனாலும் ரேகை விழுந்தாலும் விழாவிட்டாலும் துண்டுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்கிறவரிடம் விரல் வைக்காதீர்கள். பாஸ்புக்கில் மாதம் ஒருமுறை வரவு செலவு பதிந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள். நாம் எடுக்காத பணம் கழிந்திருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட வேண்டும். நம் தவறு எதுவும் இல்லாத மோசடியாக இருந்து, அந்தக் கெடுவுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கி விதி. 1930 என்ற சைபர் குற்ற எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ரேகை சுத்தமாக விழாத முதியவர் கிளையில் சாட்சிகளோடு பணம் பெற விதியில் இடம் உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டிலேயே வந்து சேவை தர வேண்டும் என்று 2017-இலேயே வங்கிகளுக்கு உத்தரவு போயிருக்கிறது.

பணம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால் குழுக்கடன் வசூலிப்பவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உதவித்தொகை எந்தத் தேதியில் ஏறும் என்பது அவருக்கும் தெரியும். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அரிசி டப்பாவைத் தூக்குவதும், இரவு வரை வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துவதும் வசூல் ஆகாது. நுண்கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக் கூடாது. இவை 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிகள். வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டி வசூலிப்பது சிறைக்குப் போகும் குற்றம். காவல் நிலையத்துக்குப் போக ஒருவர் தயங்கினால் குழுவாகப் போங்கள்.

வீட்டுக்குள்ளே நடப்பதை யாரும் வெளியே பேசுவதில்லை. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் கணவரிடம் இருக்கும். கேட்டால் சண்டை வரும், அடி விழும். அரசு இந்தத் தொகையைப் பெண் பெயரில் போட்டதற்கே காரணம், அதை எப்படிச் செலவழிப்பது என்ற முடிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பெண்ணின் பணத்தை அவருக்குக் கிடைக்காமல் செய்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ரகசிய எண்ணைப் புதிதாக மாற்றிக்கொள்ளவும் வங்கியில் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து, "நான் போட்டுத் தர்றேன், முதல் தவணையில பாதி குடு" என்று வரும் இடைத்தரகர். 2020-இல் பிரதமர் கிசான் திட்டத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது. பிறகு அரசு பணத்தைத் திரும்பப் பெற்றது, யாருடைய கணக்கில் ஏறியதோ அவர்களிடமிருந்துதான். அவர்களில் பலர் தரகர் கேட்டபோது விவரம் கொடுத்த ஏழைகள்.

விண்ணப்பம் தள்ளுபடியானாலும், வந்துகொண்டிருந்த தொகை நின்றாலும், 'கொடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல' என்று விட்டுவிட வேண்டாம். உரிமைத் தொகை மறுக்கப்பட்டால், குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய விதி இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் நின்றால் வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து எண் வாங்குங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. ஆதார் இல்லாததை மட்டும் காட்டி உதவியை மறுக்க முடியாது, வேறு அடையாளச் சான்றை ஏற்க வேண்டும் என்று ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவே சொல்கிறது. வழக்கு வரை போக நேர்ந்தால், எவ்வளவு வருமானம் இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. எண் 15100.

தொகையின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011-இல் 1,000 ரூபாயாக உயர்ந்த முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் பருப்பும் எண்ணெயும் மாத்திரையும் விலை ஏறாமல் இருக்கவில்லை. இதில் 80 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். அது பல ஆண்டுகளாக அசையவே இல்லை. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. கஞ்சிக்கு வழியில்லாத கிழவிக்கு மட்டும் ஏன் ஏறக்கூடாது என்பதற்கு எனக்கு நியாயமான பதில் எதுவும் தென்படவில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. உதவி பெறுவோர் பட்டியலை அங்கே வாசிக்கக் கேளுங்கள், விடுபட்டவர்கள் பெயரைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள், தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும் என்பதையும் ஒரு தீர்மானமாகப் போட்டு, நகல் கேட்டு வாங்குங்கள்.