எண்ணெய்த் தாங்கிகளும் காவற் கருவிகளும்

தமிழாசிரியர் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பைத் தரலாம். காரணம் இது. எம்மிடம் தமிழ் பயின்ற மாணவரொருவர் இன்று எரிபொருட் சேமிப்பு நிலையமொன்றிற் கடமையாற்றுகின்றார். அங்குள்ள தொழிலாளர்க்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளை எளிய தமிழில் ஆக்கித் தருமாறு அவர் எம்மை வேண்டினார். சொல்லைப் பெயர்க்கப் புகுந்த யாம், பொருளை அறிந்தாலன்றிச் சொல் அமையாதெனக் கண்டோம். அங்ஙனம் அறிந்தவற்றுட் சிலவற்றை இவ்விழா மலர் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

எரிபொருள் தாங்கி என்பது உருக்குத் தகடுகளால் உருளை வடிவில் அமைந்த பெருங்கலம். அதன் உச்சிக்கு மனிதர் ஏன் ஏறுதல் வேண்டும்? அளவு நாடாவை இறக்கி எண்ணெயின் ஆழத்தை அறிதற்கும், மாதிரி எடுத்தற்கும், ஆவி போக்கும் குழாய்களைப் பார்வையிடுதற்கும் ஏறுவர். இதற்கெனச் சுவரைச் சுற்றி வளைந்தேறும் படிக்கட்டும், உச்சியில் நடைபாதையும், அதனோரத்திற் கைபிடி வேலியும் அமைப்பர். அமெரிக்க விதிப்படி வேலியின் உயரம் ஏறத்தாழ 42 அங்குலம். அது மிகத் தாழ்ந்தால், சாய்பவர் உடல் வேலிக்கு மேலாகக் கவிழ்ந்துவிடும். வேலியடியில் 3½ அங்குலத்திற்குக் குறையாத தகடொன்றையும் நிறுத்துவர். அது ஏறினவர் காலுக்கு அழகன்று. மேலிருந்து உருளுங் கருவி கீழே நிற்பவர் தலையில் விழாதிருத்தற்காம்.

நேர்நிமிர்ந்த ஏணியைச் சூழ்ந்திருக்கும் வளையக் கூண்டு, விழுபவரைக் காக்குமெனப் பலரும் நெடுங்காலம் நம்பினர். உண்மையில் அது விழும் உடலை நிறுத்தமாட்டாது. ஆதலின் 2018 நவம்பர் தொடக்கம் அமெரிக்காவில், 24 அடிக்கு மேற்பட்ட புதிய நிலையேணிகளுக்குக் கூண்டு மாத்திரம் போதாதென்றும், உடற்பட்டியோடு பிணைந்து விழுகையைத் தடுக்கும் அமைப்பு வேண்டுமென்றும் விதித்தனர்.

தாங்கிகளைச் சுற்றி நிற்கும் மதிலை ஆங்கிலத்தில் 'பண்ட்' என்பர். நம் நாட்டுக் குளக்கட்டுக்கும் அதுவே பெயராதலின் யாம் 'கட்டு' என எழுதினோம். மாணவர் அதனை ஏற்றாரல்லர். "ஐயா, குளக்கட்டு எப்பொழுதும் நீரைத் தேக்கி நிற்பது. இதுவோ எப்பொழுதும் வெறுமையாய் இருத்தல் வேண்டும்" என்றார். தாங்கி உடைந்தாற் பெருகும் எண்ணெயை ஏற்பதே அதன் தொழில். உள்ளே நிற்பவற்றுள் மிகப் பெரிய தாங்கியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டை ஏற்கத்தக்கதாக அதனை அமைத்தல் பிரித்தானியாவிற் பொது வழக்கு. மழைநீரை வடியவிடும் வாயிலைத் திறந்தவர் மூட மறந்தால், மதில் இருந்தும் இல்லாததேயாம். மாணவர் சொல்லை ஏற்று, 'சிந்தும் எண்ணெயைத் தடுக்கும் மதில்' எனத் திருத்தினோம்.

துப்புரவு செய்தற்காகத் தாங்கியினுட் புகுவதே யாவற்றினும் கொடிய ஆபத்து. பழங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். பெற்றோல் தாங்கியில் அவ்வழக்கம் கூற்றுவனை அழைப்பதாகும். பெற்றோல் ஆவி, காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கலந்தாலே தீப்பற்ற வல்லது. காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமுடையதாதலின் அடியிலே தங்கும். ஆகவே விளக்குக்குப் பதிலாக வாயுமானியைப் பல மட்டங்களிற் பிடித்து, எரியும் ஆவியையும் ஒட்சிசனையும் அளப்பர். நல்ல காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 விழுக்காடு. புகுபவர் உடற்பட்டியும் கயிறும் பூண்டிருப்பர். வாயிலில் ஒருவர் காவல் நிற்பர். உள்ளிருப்பவர் மயங்கி வீழ்ந்தால், காவலர் பதறி உட்புகலாகாது. கயிற்றால் இழுத்தும் உதவியை அழைத்துமே காத்தல் வேண்டும். இரக்கத்தால் ஓடிப் புகுந்த இரண்டாமவரும் மாண்ட செய்திகள் பல நாடுகளில் உண்டு.

இக்கருவிகளெல்லாம் இருந்துவிட்டாற் போதுமோ? இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரையடுத்த பன்ஸ்பீல்ட் சேமிப்பகத்தில் நிகழ்ந்தது இதற்கு விடை. 2005 டிசம்பர் 11ஆந் திகதி, 912ஆம் இலக்கத் தாங்கியிற் பெற்றோல் நிரம்பிக்கொண்டிருந்தது. விடியுமுன் அதன் மட்டங்காட்டி அசையாது நின்றுவிட்டது. முந்திய மூன்றரை மாதத்துள் அது அங்ஙனம் 14 முறை நின்றிருந்தது! மட்டம் எல்லை கடந்தால் எண்ணெய் வரவைத் தானே நிறுத்த வேறோர் ஆளியும் இருந்தது, அதுவும் இயங்கவில்லை. 2,50,000 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோல் வழிந்தது. காலை ஆறு மணியளவில் ஆவி வெடித்து, இருபதுக்கு மேற்பட்ட தாங்கிகள் எரிந்தன. 43 பேர் காயமுற்றனர். ஞாயிறு விடியற்காலையாதலின் அயலிற் சனநடமாட்டம் குறைவு, உயிர்ச்சேதமின்றித் தப்பினர்.

அந்த ஆளி ஏன் இயங்கவில்லை? அதனைச் சோதித்தற்குரிய நெம்பை, இயங்கும் நிலையிற் பிடித்து வைத்தற்கு ஒரு சிறு பூட்டு வேண்டியிருந்தது. அப்பூட்டின் பயனை விற்றவர் விளக்கவில்லை, பொருத்தியவரும் அறியவில்லை. ஆதலின் பூட்டு மாட்டப்படவில்லை. நுண்ணிய பொறிகள் பல அமைந்த அவ்விடத்தில், ஒரு பூட்டு எதற்கென்று எவரும் சொல்லாமையாற் கேடு விளைந்தது.

இதனைப் படித்தபின் எமது மொழிபெயர்ப்பை மீண்டும் எடுத்து முதலிலிருந்து எழுதினோம். 'இதைச் செய்க' என்றிருந்த ஒவ்வொரு விதியின் கீழும் 'ஏனெனில்' என்றொரு வரி சேர்த்தோம். ஏடு இருமடங்காயிற்று, மாணவர் மகிழ்ந்தார்.

தொழிற்சாலைகளில் மேற்பார்வை செய்யும் பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. நும் கீழ்ப் பணிபுரிவார்க்குக் கருவியைக் கொடுக்கும்போது, அதன் காரணத்தையும் அவர் அறிந்த மொழியிற் கொடுமின். இன்றைய மாணவர்காள், எதனைக் கற்பினும் 'ஏன்' என வினவக் கூசாதீர். அவ்வினா ஒரு நாள் ஓருயிரைக் காத்தலுங் கூடும்.